இடக்கொம்பு

அவருக்கு விசா கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை நம்பவைத்துவிட்டுக் கையை விரிக்கிற வேலை எனக்குப் பிடிக்காது. அதைச் செய்வதற்கென்றே உலகத்தில் போதுமான கந்தோர்கள் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன.

ஊருக்கு அவர் தயிர்காரர், எனக்குப் பெரியப்பா. இரத்த உறவு ஒன்றுமில்லை. தன்னாமுனையில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. என் அப்பாவைத் தம்பி என்று கூப்பிடுவார், அதனால் நான் அவரைப் பெரியப்பா என்றேன், அவ்வளவுதான். ஒன்பது எருமை வைத்திருந்தார். சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி, வைக்கோல் பரப்பித் தயிர்ச்சட்டிகளை அடுக்கிக்கொண்டு ஏறாவூர்வரை போய் விற்றுவிட்டு வருவார். மனைவி நேரத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் கலியாணம் முடித்து ஒரு குளிர்நாட்டில் இருந்தாள். எந்த நாடு என்று எழுதப்போவதில்லை. எல்லா நாட்டுப் பாரங்களும் ஒரே மாதிரித்தான் கேள்வி கேட்கின்றன.

அவர் சொன்னதை மாற்றமாட்டார். நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு. இவர் உண்மையையும் மாற்றமாட்டார், பொய்யையும் மாற்றமாட்டார். ஒரு தடவை வாயைவிட்டு வந்துவிட்டால் அது சொல்லுக்குச் சொல் அப்படியே நிற்க வேண்டும். காலையில் வேலியடியில் கண்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், பெண்பிள்ளையான என்னையும் ஊர்வழக்கில் மனே என்றே கூப்பிட்டு, "இரிக்கன் மனே, எருமையும் இரிக்கி" என்பார். காய்ச்சலில் கிடந்த நாளிலும் அதைத்தான் சொன்னார். எருமை செத்த மறுநாளும் அதைத்தான் சொன்னார்.

அப்பா செத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் பத்துச் சட்டி தயிர் தருவதாகச் சொல்லியிருந்தார். அன்றைக்கு விடியப்புறமே ஆமிக்காரர் பாதையை மூடிவிட்டார்கள். எருமைகள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். தயிர் இல்லாமலே சமாளிப்போம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது, வாவியோரச் சதுப்புக் கண்ணாக்காட்டுக்குள்ளால் தோணி விட்டுக்கொண்டு வந்து, இடுப்புவரை சேறோடு எங்கள் கொல்லையில் நின்றார். எட்டுச் சட்டி இருந்தது. மற்ற இரண்டும் வரும் வழியில் உடைந்துவிட்டன. அந்த இரண்டு சட்டிக்காக அம்மாவிடம் மூன்று வருசம் மன்னிப்புக் கேட்டார். சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா ஏசிய ஏச்சு ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை.

நல்ல கதை மட்டும் சொல்லி அவரைப் பெரிய ஆளாக்க நான் இதை எழுதவில்லை. நிவாரண அரிசிக்குப் பெயர் பதிய கிராமசேவகர் வந்த நேரம், மகள் பட்டணத்தில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு ஒருவர் என்றார். அடுத்த மாதம் பள்ளிக்கூடமே அகதி முகாம் ஆகி, மகள் வீட்டுக்கு வந்துவிட்டாள். போய் இரண்டு பேர் என்று மாற்றிச் சொல்லுங்கள் என்றால் மாட்டேன் என்றார். சொன்னது சொன்னதுதானாம். அந்தப் பிள்ளை வளரும் வயதில் ஒரு வருசம் அரைவயிறு கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்து அம்மா கோப்பையில் சோறு போட்டு அனுப்புவாள், அவரைத் திட்டிக்கொண்டே போடுவாள். அந்தக் கோப்பையைச் சுமந்தவள் நான்தான் என்பதால் இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இனித் தழும்பு. அவருடைய வலப்பக்க நெஞ்சில், காறை எலும்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு தழும்பு. எருமைகளைப் படுவான்கரையில் மேய்த்துக்கொண்டு நின்றபோது ஷெல் விழுந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று ஷெல்லில் எழுதியிருக்கவில்லை, எழுதியிருந்தாலும் அவர் வாசித்திருக்கமாட்டார். நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு எருமை அவருக்கு முன்னால் நின்றது. சுட்டி என்று கூப்பிடுவார். ஷெல்லின் முக்கால்வாசியைச் சுட்டி வாங்கிக்கொண்டது. மிச்சத்தில் ஒரு துண்டு இவருடைய நெஞ்சுக்குள் போனது. அந்தக் கரையில் அப்போது டாக்குத்தர் இல்லை. காயம் கட்டத் தெரிந்த ஒருவர் தைத்துவிட்டார், இரும்பை எடுக்கவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவரும் விட்டுவிட்டார்.

ஆனால் கேட்கிறவர்களுக்கெல்லாம் இவர் சொன்ன கதை, எருமை குத்தியது என்பது. சும்மா குத்தியது இல்லை, இடக்கொம்பால் குத்தியது. எனக்கு விளக்கியும் காட்டியிருக்கிறார். எருமை நேருக்கு நேர் வந்து முட்டினால் அதனுடைய இடக்கொம்புதான் மனிதனுடைய வலப்பக்கத்தில் ஏறுமாம். வலக்கொம்பு என்று சொன்னால் மாடு தெரிந்தவன் பிடித்துவிடுவானாம். சிங்களத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வசனமும் அதுதான். 'ஐயா, எருமை இடக்கொம்பால் குத்தியது' என்பதை யாரிடமோ கேட்டுப் பாடமாக்கி, தன்னாமுனை இழுவையோடு ஒப்பிப்பார். சோதனைச்சாவடியில் சேட்டைத் தூக்கச் சொல்லும்போதெல்லாம் அந்த வசனம் வரும். ஆமிக்காரன் சிரிப்பான், போகச் சொல்லுவான். தழும்போடு ஒரு ஆண்பிள்ளை, காயத்தைக் கண்டால் இயக்கம் என்று பிடித்துப்போகிற அந்த நாட்களில், ஊருக்குள் நடமாடினதே பெரிய காரியம்.

மகள் அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள விண்ணப்பம் போட்டாள். நிரந்தர வதிவிட விசா. இரண்டு வருசம் கழித்து, கொழும்பில் அவர்கள் சொன்ன டாக்குத்தரிடம் மெடிக்கல் செய்துகொள்ளச் சொல்லிக் கடிதம் வந்தது. நான் அப்போது அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், கொஞ்சம் இங்கிலீசு தெரியும், உத்தியோகச் சோதனைக்குப் படித்த சிங்களமும் கொஞ்சம் இருந்தது. கடிதத்தை என்னிடம்தான் கொண்டுவந்தார். மகள் பெற்ற பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. அதன் படம் ஒன்று அந்தக் கடிதத்தோடு சேர்த்து மடிக்கப்பட்டிருந்தது. மெடிக்கல் சரி என்று வந்தால் அந்தப் பிள்ளையைத் தூக்கலாம், இல்லையென்றால் படம்தான். இது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் ஆயத்தமான விதத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, வந்த கையோடு எரிச்சலும் வருகிறது. நெஞ்சில் சளி இருந்தால் படத்தில் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தயிர்காரர் தயிர் தின்பதை நிறுத்தினார். மூன்று வேளையும் கொத்தமல்லி அவித்துக் குடித்தார். எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள் என்று நான் வாயைக் கொடுத்தேன். பின்னேரங்களில் என்னைக் கரையில் நிறுத்தி எண்ணச் சொல்லிவிட்டு, பெனியனோடு வாவிக்குள் தாழ்வார். நான் எண்பதுவரை எண்ணிப் பயந்துபோய்க் கத்தத் தொடங்கியதும் எழும்புவார். போதுமா மனே என்று கேட்பார். பத்துச் செக்கன் போதும் என்று நான் சொன்னதை அவர் நம்பவேயில்லை.

எனக்கு ஒரே பயம் தழும்புதான். நெஞ்சுக்குள் இரும்பு கிடக்கிறது. எக்ஸ்ரே அதைக் காட்டாமல் விடாது. எருமைக்கு இரும்புக் கொம்பு இல்லை. பொய் சொன்னால் என்னத்தையோ மறைக்கிறார் என்று எழுதிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் ஒன்றுமில்லை. ஷெல் பட்ட அப்பாவி என்று அனுதாபம்கூட வரும். ஆகவே இரண்டு கிழமை, கச்சேரியால் வந்ததும் வராததுமாக, அவர் வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து நான் டாக்குத்தர் ஆனேன். பென்சிலால் சேட்டின் மேல் தொட்டு, இது என்ன காயம் என்று இங்கிலீசிலும் தமிழிலும் மாறிமாறிக் கேட்டேன். முதல் கிழமை முழுக்க எருமைதான் வந்தது. இடக்கொம்பும் வந்தது. நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பி, இந்தப் பிடிவாதத்தால்தான் பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டீர்கள், இப்போது பேரப்பிள்ளையையும் பார்க்கமாட்டீர்கள் என்று கத்திவிட்டேன். அந்தப் பேச்சு கூடிப்போன பேச்சு, எனக்குத் தெரியும்.

அவர் கோபிக்கவில்லை. வேலிப் படலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சுற்றிவளைத்துப் பிடித்துப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆண்களை வரிசையாக நிறுத்தி, சேட்டைக் கழற்றச் சொன்ன நாளைப் பற்றி. அந்த நாள் எனக்குத் தெரியும். அவருடைய தமையன் மகனை அன்றைக்குத்தான் லொறியில் ஏற்றினார்கள். இருபத்திரண்டு வயது, ஒரு இயக்கத்திலும் இல்லாத பிள்ளை. இன்றைக்குவரை திரும்பி வரவில்லை. எனக்குத் தெரியாதது, அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள் என்பது.

"எனக்கும் அவனுக்கும் ஒரே கேள்விதான் மனே கேட்டாங்க. அவன்ட கையில இருந்த காயமும் ஷெல்தான். அவன் ஷெல் எண்டான். நான் எருமை எண்டன்."

செத்த எருமை மேல் பொய்ப்பழி போட்டது மட்டும் மனசுக்குள் கிடந்து அரிக்கிறது, தன் முன்னால் நின்று காப்பாற்றிய மாட்டையே குத்தினது என்று சொல்லித் திரிகிறேன் என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. மைதானம் வேறு, டாக்குத்தர் வேறு என்று தலைகீழாக நின்றேன். இரண்டாம் கிழமை முடிவில், "ஷெல் பட்டது ஐயா" என்று வரத் தொடங்கியது. சின்னச் சத்தத்தில், படலைப்பக்கம் பார்த்துக்கொண்டுதான் சொல்வார். ஆனாலும் சொன்னார். அதோடு நான் ஒரு கடிதமும் தட்டச்சு செய்தேன். எங்கே, எப்படிக் காயம் பட்டது, எந்த இயக்கத்தோடும் தொடர்பில்லாதவர் என்றெல்லாம் எழுதி, சமாதான நீதவானாக இருந்த பள்ளிக்கூட அதிபரிடம் ஒப்பம் வாங்கினேன். வழியில் அகப்பட்டால் ஆபத்து என்பதால் என்னுடைய உத்தியோகச் சோதனைப் புத்தகத்தின் உறைக்குள் வைத்துக் கொழும்புவரை கொண்டுபோனேன். மெடிக்கல் நடக்கிற இடத்தின் வாசலில் வைத்து அதை எடுத்து, அவருடைய புதுச்சேட்டின் பொக்கற்றில் வைத்து, விழாமல் ஊசியும் குத்திவிட்டேன். டாக்குத்தர் தழும்பைப் பற்றிக் கேட்டதும் இதைக் கொடுங்கள் என்று மூன்று தரம் சொன்னேன். ஓம் மனே என்று மூன்று தரமும் சொன்னார்.

கூட வந்தவர்கள் வெளியே இருக்கவேண்டுமாம். இருந்தேன். முக்கால் மணித்தியாலத்தில் சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்தார். மூச்சு நன்றாகப் பிடித்தாராம், டாக்குத்தர் நல்ல மனிதனாம். கடிதம் எங்கே என்றேன். பொக்கற்றைத் தடவினார். ஊசி குத்தினது குத்தினபடி இருந்தது.

உள்ளே போனதும் சேட்டைக் கழற்றி ஆணியில் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். எக்ஸ்ரே எடுக்கிறவரை இடுப்புக்கு மேலே வெறும் உடம்பு. பிறகு டாக்குத்தர் வந்து, தழும்பை விரலால் தொட்டு, அன்பாகத்தான், சிங்களத்தில் கேட்டிருக்கிறார்.

"சட்டையக் கழட்டச் சொன்னாங்க மனே. மறுகா தழும்பத் தொட்டு அந்தப் பாசையில கேட்டாங்க. வாய் தானாச் சொல்லிப்போட்டுது."

அதோடு முடியவில்லை. எக்ஸ்ரேப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு டாக்குத்தர் திரும்பவும் கேட்டிருக்கிறார். இந்தத் தடவை தமிழ் தெரிந்த ஒரு தாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எருமையா, நிச்சயமாக எருமையா என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதன் வேறு என்னதான் செய்யவேண்டும்? கையைப் பிடித்துத் தூக்கிவிடப் பார்த்திருக்கிறார். நம் ஆள்தான் சொன்னதை மாற்றாத ஆளாயிற்றே. ஓம் ஐயா, எருமை, இடக்கொம்பு.

நான் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். மேசையில் இருந்த பெண், அறிக்கையை உறையில் போட்டு ஒட்டியாயிற்று, இனி ஒன்றும் சேர்க்க முடியாது என்றாள். பசை காயக்கூட இல்லை. என் கண் முன்னால்தான் அந்த உறை ஈரமாகக் கிடந்தது.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. நெஞ்சில் உலோகப் பொருள் காணப்படுகிறது, விண்ணப்பதாரர் தந்த விளக்கம் அதற்குப் பொருந்தவில்லை, அவர் தம்மைப் பற்றித் தந்த மற்றத் தகவல்களிலும் திருப்தி இல்லை. அதிபரின் கடிதத்தைப் பிரதி எடுத்து நான் நாலு தரம் அனுப்பினேன், மகள் அங்கே ஏறாத படியில்லை. யாருக்கும் திருப்தி வரவில்லை. அவர் வேலியடியில் வழமைபோல இருக்கிறேன் என்றும் எருமையும் இருக்கிறது என்றும் சொல்லிக்கொண்டு இன்னும் ஆறு வருசம் இருந்தார். அந்தப் படத்தில் இருந்த பிள்ளையைத் தூக்காமலே போனார். இரும்பும் அவரோடே போனது.

யாரில் கோபம் என்று கேட்டால் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியாது. கேள்வி கேட்டவர்களில் கோபம். உண்மை சொன்ன பிள்ளையை லொறியில் ஏற்றிவிட்டுப் பொய் சொன்னவரை வீட்டுக்கு அனுப்பிய அந்த மைதானத்தில் கோபம். வயசுபோன மனிதன் அந்த மைதானத்தில் படித்த பாடத்தை ஒரு பசை போத்தலுக்கு முன்னால் மறந்துவிடவேண்டும் என்று எதிர்பார்த்த நாட்டில் கோபம். என்னிலும் கோபம். இரண்டு கிழமை டாக்குத்தராக நடித்தேனே, ஒருநாளாவது சிங்களத்தில் கேட்டேனா? ஒருநாளாவது சேட்டைக் கழற்றச் சொன்னேனா? அவர் ஒருநாளும் என் முன்னால் வெறும் மேலோடு நின்றதில்லை. கலியாணமாகாத குமர்ப்பிள்ளை முன்னால் நிற்கக்கூடாது என்பது அவருடைய மரியாதை, கேட்கக்கூடாது என்பது என்னுடைய மரியாதை. அந்த மரியாதையைத் தூக்கிக் குப்பையில் போட.

இந்தக் கோபமெல்லாம் பிறகு யோசித்து வந்தவை. அன்றைக்குக் கொழும்பிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருந்தது அவர் மேல் மட்டுமே வந்த கோபம். பொலன்னறுவைவரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பிறகு வாய் திறந்தேன், திறந்தால் மூடவில்லை. இரண்டு கிழமை தொண்டை கிழியக் கத்தினேனே, யாருக்காகக் கத்தினேன்? ஒரு சொல், ஒரேயொரு சொல் மாற்றிச் சொல்ல முடியவில்லையா? பயம் ஒரு மனிதனுக்கு எத்தனை வருசம் இருக்கும்? நானாக இருந்தால் எவன் கேட்டாலும் ஷெல் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருப்பேன் என்றேன். பஸ்ஸில் முன்சீற்றுக்காரர் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா, வாங்கின சோடாவைக் குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

சோதனைச்சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் பையைக் கிண்டி முடித்து நான் அப்பால் வந்து நின்றபோது, ஒரு ஆமிக்காரன் பெரியப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தான். புதுச்சேட்டின் பொத்தான்கள் திறந்து கிடந்தன. பகல் வெளிச்சத்தில் அந்தத் தழும்பை நான் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். இவரோடு வந்தது நீதானா என்று கேட்டான். ஓம் என்றேன். இந்தக் கிழவன் வாயே திறக்கிறான் இல்லை என்றான். பொடியன்தான், இருபது வயதுகூட இருக்காது. கடுமையாக ஒன்றும் கேட்கவில்லை. தழும்பைத் துவக்கு முனையால் காட்டி, இது என்ன காயம் என்று கேட்டான்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். வழி முழுக்க நான் ஏசிய ஏச்சில், எதைச் சொல்வது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். வாழ்க்கையில் முதல்தடவையாக, சொன்னதைச் சொல்ல முடியாமல், என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். உண்மை முழுக்க இங்கிலீசில், அதிபரின் ஒப்பத்தோடு, சோதனைப் புத்தகத்தின் உறைக்குள் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. சாவடிக்குப் பின்னால் ஒரு லொறி நின்றது.

"எருமை குத்தினது ஐயா" என்று நான் சிங்களத்தில் சொன்னேன்.

அவன் ஒருதரம் தழும்பைப் பார்த்தான், ஒருதரம் என்னைப் பார்த்தான். பிறகு கையை விட்டான். எங்கள் ஊரிலும் அப்படி ஒரு எருமை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

பஸ் வெளிக்கிட்டது. பெரியப்பா பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். சோடாப் போத்தலைத் திறந்து என் கையில் தந்தார். வாழைச்சேனைப் பாலம் தாண்டியது. பிறகு, முன்சீற்றுக்காரருக்குக் கேட்காமல், என் பக்கம் குனிந்தார்.

"இடக்கொம்பு எண்டும் சொல்லணும் மனே. அத விட்டா மாடு தெரிஞ்சவன் நம்பமாட்டான்."

"ஓம் பெரியப்பா, அடுத்தமுறை சொல்லுறன்" என்றேன்.